பாத்தியைக் கா, பூனையைப் பகைக்காதே

தன்லின்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் மனைவி தாயாகப் போகிறாள் என்ற செய்தியால் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. அவள் எனக்கு மகள் முறை. அவளை நன்றாகப் பார்த்துக்கொள். யாங்கோனில் உன் திங்கன்ஜூன் வீட்டின் பின்புறம் கொத்தமல்லியும் புளிச்சக்கீரையும் தக்காளியும் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். அக்கம்பக்கத்துப் பூனைகள் விதைத்த பாத்தியைக் கிளறி அசுத்தம் செய்கின்றன, வறுத்த மீனில் நஞ்சு கலந்து வைக்கும்படி வேலையிடத்தில் ஒருவர் சொன்னார், அப்படிச் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறாய்.

செய்யாதே. இதை முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். ஏன் கூடாது என்பதைப் பின்னால் விளக்குகிறேன். அதற்கு முன் உன் கீரை பிழைக்க வழி சொல்ல வேண்டும். பயிர் பாழாவதைப் பார்த்துக் கொதித்திருப்பவனிடம் கருணையை மட்டும் பேசினால் காதில் ஏறாது.

தோட்டத்துக்குள் எந்த உயிரும் காரணமில்லாமல் வருவதில்லை. தின்ன ஏதாவது கிடைக்க வேண்டும், ஒதுங்க நிழல் வேண்டும், அல்லது கழிக்க இடம் வேண்டும். பூனை கீரை தின்ன வரவில்லை. அது தன் மலத்தைப் புதைக்கும் பிராணி. அதற்கு உலர்ந்த, பொலபொலப்பான மண் தேவை. இப்போது மழை ஓயும் காலம். குளிர்காலப் பயிருக்காக நீ கொத்திக் கிளறி, கட்டி உடைத்து, மட்டம் செய்து வைத்திருக்கும் பாத்தியைவிட வசதியான இடம் அந்தத் தெருவிலேயே அதற்குக் கிடையாது. ஆகவே பூனையை எப்படி விரட்டுவது என்று யோசிக்காதே. அந்த மண்ணை எப்படி அதற்குப் பிடிக்காததாக்குவது என்று யோசி. பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

விதைத்த அன்றே பாத்தியை மூடு. கோழி அடைக்கும் கம்பி வலையை வாங்கி மண்ணின்மேல் படிய விரித்து, நான்கு ஓரத்திலும் செங்கல் வை. கண்ணிகளின் வழியே நாற்று மேலே வரும். பூனையால் மண்ணைப் பறிக்க முடியாது. காலுக்கடியில் கம்பி தட்டுப்படுவதே அதற்குப் பிடிக்காது. வலைக்குப் பணமில்லையென்றால் மூங்கில் இருக்கிறது. யாங்கோனில் மூங்கிலுக்கா பஞ்சம்? பிளந்த மூங்கிலில் தட்டி பின்னிப் பாத்திமேல் சாத்து. முளை வந்ததும் எடுத்துவிடு. பெரிய செடிகளுக்கு நடுவே மூங்கில் குச்சிகளை அரைச் சாண் இடைவெளியில் நட்டுவை. பூனைக்குத் திரும்பவும் குந்தவும் இடம் வேண்டும். அந்த இடத்தைக் கொடுக்காதே. தக்காளியின் தூரைச் சுற்றித் தேங்காய் மட்டைத் துண்டுகளையும் சிரட்டைகளையும் நெருக்கமாகப் பரப்பிவிடு. மண்ணின் ஈரமும் காக்கும், பூனையும் கால் வைக்காது. வெறும் மண் கண்ணில் படாதபடி நெருக்கி நட்ட தோட்டத்தில் பூனைத் தொல்லை தானாகவே குறையும்.

பழைய மீன்வலையை மட்டும் தரையில் தளர்வாகப் போட்டுவைக்காதே. பாம்பும் ஓணானும் பறவையும் அதில் சிக்கி மெல்லச் சாகும். நைலான் வலை போடுவதானால் குச்சிகளில் இழுத்து விறைப்பாகக் கட்டு.

அடுத்து, பூனைக்கென்று ஓர் இடத்தை நீயே ஒதுக்கிக் கொடு. இதைக் கேட்டதும் உனக்குக் கோபம் வரலாம். ஆனாலும் இதைவிடப் பலன் தரும் வழி எனக்குத் தெரியவில்லை. பாத்திகளிலிருந்து தள்ளி, சுவரோரமாக, மழை படாத ஒரு மூலையில் ஒரு முழ அகலத்துக்கு உலர்ந்த மணல் கொட்டு. மூடிய பாத்தியும் திறந்த மணலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பூனை மணலுக்குத்தான் போகும். உன் பாத்தியில் குப்பைமேனி முளைத்திருக்கிறதா என்றும் பார். அதன் வேர் வாசனைக்குப் பூனை மயங்கிப் புரளும். பூனைவணங்கி என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. பாத்தியில் இருப்பதை வேரோடு பிடுங்கி அந்த மணல் மூலையில் போடு. இத்தனை நாள் பூனையை உன் பயிரிடம் இழுத்துவந்தது அந்தக் களையாகவும் இருக்கலாம்.

அக்கம்பக்கத்தில் சொல்லும் வாசனை வைத்தியங்களை நம்பி இருக்காதே. எலுமிச்சைத் தோலும் காப்பித் தூளும் ஒரு நாள் இரண்டு நாள் தாங்கும். மே முதல் அக்டோபர் வரை ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழையைப் பெறும் ஊர் இது. தூவிய எதுவும் ஒரு மழைக்கு நிற்காது. மிளகாய்த்தூள் போடாதே; பாதத்தில் ஒட்டியதை நக்கும்போதும் முகத்தைத் துடைக்கும்போதும் நாக்கிலும் கண்ணிலும் பட்டுப் பூனை துடிக்கும். பாச்சை உருண்டையும் பினாயிலும் கூடவே கூடாது. பினாயிலில் இருக்கும் வகை ரசாயனங்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. நமக்குத் தரை துடைக்கும் திரவம், அதற்கு நஞ்சு. அது உன் கீரைப் பாத்தியிலும் ஊறும் என்பதை மறக்காதே. ஒலியெழுப்பிப் பூனையை விரட்டும் மின்கருவிகளும் விற்கிறார்கள். 2006-இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், அப்படிப்பட்ட கருவி பூனைகளின் வரவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் குறைத்தது. மின்சாரம் முறைபோட்டு வரும் நம் ஊரில் அதற்குப் பணம் போடுவது வீண்.

தோட்டத்துக்கு நீ என்ன உரம் போடுகிறாய் என்பதையும் கவனி. மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கும் மீன் அமிலம் பயிருக்கு நல்லதுதான். அதன் வாடை தெருவிலுள்ள பூனைகளையும் நாய்களையும் விருந்துக்கு அழைத்துவரும். எலும்புத்தூளும் அப்படித்தான். போட்டே ஆகவேண்டுமென்றால் நன்றாகத் தண்ணீர் கலந்து ஊற்றி, மேலே மண்ணைத் தள்ளி மூடு. சமையலறைக் கழிவை மூடியுள்ள தொட்டியில் மக்கவை. மீன் செதிலும் இறைச்சித் துண்டும் அதில் சேரக்கூடாது.

இனி உன் மனைவியைப் பற்றி. இதைக் கவனமாகப் படி. பூனை மலத்தின் வழியே பரவும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி உண்டு. 1908-இலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பூனையின் குடலில்தான் அது தன் வாழ்க்கைச் சுற்றை முடித்து வெளியேறுகிறது என்பது 1970 வாக்கில்தான் தெளிவானது. ஒரு பெண்ணுக்கு முதன்முதலாக அந்தத் தொற்று கர்ப்பகாலத்தில் வந்தால், வயிற்றிலுள்ள குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கக்கூடும். அதனால் குழந்தை பிறக்கும்வரை களை எடுப்பதும் மண் கிளறுவதும் உன் வேலையாக இருக்கட்டும். அவளுக்குத் தோட்டத்தில் கை வைக்க ஆசையிருந்தால் கையுறை போட்டுக்கொள்ளட்டும். முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைச் சொன்னதும் பூனையைக் கண்டாலே நடுங்காதே. பெரும்பாலான பூனைகள் வாழ்நாளில் ஒருமுறை, குட்டியாக வேட்டை பழகும் பருவத்தில், சில வாரங்கள் மட்டுமே இந்தக் கிருமியை வெளியேற்றும். மலத்தில் வெளிவந்த உடனே அது தொற்றாது. தொற்றும் நிலையை அடைய ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் ஆகும். அந்த மணல் மூலையைத் தினமும் காலையில் நீயே கையுறையோடு சுத்தம் செய்துவிட்டால், ஆபத்தை மண்ணில் தங்கவிடாமல் அகற்றிவிடுகிறாய். பாத்தியில் கவனிக்காமல் புதைந்து கிடந்தாலோ, ஈரமண்ணில் ஓராண்டுக்கு மேலும் அது உயிரோடு இருக்கும். பூனைக்குத் தனி மூலை கொடு என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரியாக வேகாத இறைச்சியும் இந்தத் தொற்றுக்கு ஒரு முக்கிய வழி. பூனையைத் திட்டிவிட்டு அரைவேக்காட்டு இறைச்சியைத் தின்றால் பயனில்லை. நம் ஊரில் வல்லாரையைப் பச்சையாகச் சாலட் செய்வதும், மீன் விழுதோடு பச்சைக் கீரைகளைத் தொட்டுச் சாப்பிடுவதும் வழக்கம். குழந்தை பிறக்கும்வரை அவளுக்குக் கீரையைச் சமைத்தே கொடு. மழைக்காலத்தில் ஏறும் பெரிய ஆப்பிரிக்க நத்தைகளும் பச்சைக் கீரையில் வேறொரு ஆபத்தைக் கொண்டுவருகின்றன. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் நத்தையில் வளர்ந்து, அதன் வழியே மனிதனுக்குள் புகுந்தால் மூளையைத் தாக்கும். நத்தைகளை மாலையில் கையுறையோடு பொறுக்கி எடு. வெறுங்கையால் தொடாதே.

நாய்களையும் கோழிகளையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாய் வெயிலுக்கு ஈரமண்ணைத் தேடிப் படுக்கும். வேலியின் அடியிலுள்ள இடைவெளியை மூங்கிலால் அடை. வாசலுக்கு வெளியே நிழலில் அதற்கு ஓர் இடம் விட்டுவிடு. கோழி பறந்து தாண்டாத உயரத்துக்கு வலை கட்டு. நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே வெறிநாய்த் தடுப்பூசிக்குப் போ. பூனை கடித்தாலும் அப்படியே செய். இதில் மந்திரமும் பச்சிலையும் உதவாது.

இப்போது நஞ்சைப் பற்றி.

1905-இல் பிளேக் நோய் கப்பல் வழியாக யாங்கோனுக்குள் நுழைந்தது. அன்று இது அரிசி ஏற்றுமதியின் துறைமுகம். கிடங்குகள் நிறைய எலிகள், அவற்றைச் சுற்றி நெருக்கமாக அடைந்து கிடந்த கூலிக் குடும்பங்கள். அவர்களில் நம் தமிழர்கள் ஏராளம். அதே காலத்தில் இந்தியாவில் அமராவதியில் பணியாற்றிய ஆண்ட்ரூ புக்கனன் என்ற மருத்துவர், பூனை வளர்க்கும் வீடுகளில் பிளேக் குறைவு என்று கண்டு, 1908-இல் பூனைகளைப் பிளேக்கைத் தடுக்கும் காவலர்களாகச் சொல்லி எழுதினார். அவர் சொன்னதை அப்படியே நான் ஏற்கமாட்டேன். 2018-இல் வெளியான நியூயார்க் ஆய்வொன்றில் பூனைகள் பெரிய எலிகளை மிகச் சிலவற்றையே கொன்றன; பூனை நடமாடும் நேரத்தில் எலிகள் வெறுமனே ஒளிந்துகொண்டன. உன் தோட்டத்துப் பெருச்சாளியோடு எந்தப் பூனையும் மல்லுக்கு நிற்காது. சுண்டெலியையும் எலிக்குஞ்சையும் அது பிடிக்கும், பெரியவற்றை வெளியே தலைகாட்டாமல் அடக்கிவைக்கும். அதுவும் சிறிய உதவி அல்ல. எலி பெருகும் இடத்துக்குப் பாம்பு வரும். கண்ணாடி விரியன் இந்த நாட்டில் எத்தனை உயிர்களைப் பறிக்கிறது என்பது உனக்குத் தெரிந்ததுதான்.

மீனில் கலந்த நஞ்சு பூனையோடு நிற்பதில்லை. காகம் அதைக் கொத்திக்கொண்டு போய் இன்னொரு வீட்டுக் கூரையில் போடும். பக்கத்து வீட்டுக் கோழி கொத்தும். தவழும் குழந்தை எடுத்து வாயில் வைக்கும். அந்த நஞ்சு எலி மருந்தானால், அதைத் தின்ற எலியைத் தின்னும் கூகையும் சாகக்கூடும். இத்தனையும் நடந்த பிறகும் பூனைத் தொல்லை தீராது. காலியான இடத்துக்கு அடுத்த தெருப் பூனை வந்து சேரும். அதற்கு உன் வீட்டுப் பழக்கம் எதுவும் தெரியாது, முதலிலிருந்து எல்லாவற்றையும் கிளறும்.

இதைச் சென்னை நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அங்கே மாநகராட்சி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றது. கடைசியில் நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேல் என்ற அளவுக்கு அது போனது. நாய்களும் குறையவில்லை, வெறிநாய்க்கடிச் சாவும் நிற்கவில்லை. 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பினர் பல்லாண்டுகள் வாதாடி, 1996-இல் கொலையை நிறுத்திக் கருத்தடையும் தடுப்பூசியும் என்ற வழிக்கு மாநகராட்சியைக் கொண்டுவந்தார்கள். நம் யாங்கோனிலும் தெருநாய்களுக்கு நஞ்சிட்ட இறைச்சி வைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. நாய்கள் இன்றும் சந்துக்குச் சந்து படுத்திருக்கின்றன. கொன்று குறைக்க முடியும் என்றால் இந்த இரண்டு ஊர்களிலும் எப்போதோ குறைந்திருக்க வேண்டும்.

எதைச் செய்தால் குறையும் என்பதற்கும் யாங்கோனிலேயே சான்று உண்டு. நகர நடுவில் அடுக்குமாடிகளின் முதுகுப்பக்கச் சந்துகளில் மேலிருந்து வீசும் குப்பை மலையாகக் குவிந்து கிடந்தது. 2017-ஐ ஒட்டி டோ எய்ன் என்ற அமைப்பு, குடியிருப்பவர்களையே கூட்டிச் சேர்த்து, அப்படிப்பட்ட சில சந்துகளைச் சுத்தம் செய்து தோட்டமும் குழந்தைகள் விளையாடும் இடமும் ஆக்கியது. எலிக்கும் அதைத் தேடி வரும் பூனைக்கும் உணவாக இருந்தது அந்தக் குப்பைதான். உன் தெருவில் மூடாமல் கிடக்கும் குப்பையைப் பற்றி நாலு வீட்டாரிடம் பேசு. ஒரு வீடு தனியாகப் பூனையோடு போராடுவதைவிட அதற்குப் பலன் அதிகம்.

கடைசியாகப் பக்கத்து வீட்டு அம்மா. பூனைகளுக்குச் சோறு வைப்பது அவர்தான், சொன்னால் கேட்பதில்லை என்று குறைப்பட்டிருக்கிறாய். நீ எப்படிச் சொன்னாய் என்று யோசித்துப் பார். பர்மியர்களுக்கு உயிர்களுக்கு உணவிடுவது புண்ணியம். வேண்டாத குட்டிகளைப் பொங்கிகளின் (புத்த பிக்குகளின்) மடத்தில் விட்டுவருவார்களே தவிரக் கொல்லத் துணியமாட்டார்கள். அவர் செய்வதைத் தொல்லை என்று நீ சொன்னால், அவருடைய தர்மத்தையே பழித்ததாக அவருக்குப் படும். இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். நாம் இந்த மண்ணில் தலைமுறைகளாக வாழ்கிறோம். அக்கம்பக்கத்தின் நல்லெண்ணம்தான் கெட்ட காலங்களில் நம்மைக் காத்திருக்கிறது. ஒரு பாத்திக் கொத்தமல்லிக்காக அதைக் கெடுத்துக்கொள்ளாதே.

தடிஞ்ஜுட் பண்டிகை வருகிறது. இளையவர்கள் பெரியவர்களைத் தேடிப்போய் வணங்கிக் காணிக்கை கொடுக்கும் நாள். நீயும் உன் மனைவியும் பழமும் உன் தோட்டத்துப் புளிச்சக்கீரையும் எடுத்துக்கொண்டு அந்த அம்மாவை வணங்கப் போங்கள். வீட்டில் குழந்தை வரப்போகிறது என்று சொல்லுங்கள். பூனைகளுக்கு அவர் வாசலிலேயே, ஒரே நேரத்தில், தட்டில் வைத்து, தின்று முடித்ததும் எடுத்துவிட முடியுமா என்று கேளுங்கள். பிறகு கருத்தடையைப் பற்றிப் பேசு. பெண்பூனை நாலைந்து மாதத்திலேயே சினையாகக்கூடும். ஒன்பது வாரத்தில் ஈனும். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்றுக் குட்டி போடும். நாலு பெண்பூனைகளுக்குக் கருத்தடை செய்துவிட்டால், உங்கள் சந்தின் கணக்கே மாறிவிடும். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகும் செலவில் பாதியை நீ ஏற்றுக்கொள். பிடிப்பதற்கு அவர் உதவுவார். அவர் கைக்குத்தான் அவை வரும். குட்டிகள் பிறந்து தெருவில் சாவதைப் பார்ப்பது அவருக்கும் வேதனைதான். அதனால் இந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கும்.

நீ திட்டும் அந்தப் பூனைகளை அற்பமாகவும் நினைக்காதே. 1930-இல் பர்மாவிலிருந்து வோங் மாவ் என்ற சிறிய பழுப்புநிறப் பெண்பூனை அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனது. ஜோசப் தாம்சன் என்ற மருத்துவர் அதை வளர்த்தார். இன்று உலகம் முழுவதும் பர்மியப் பூனை என்று விரும்பி வளர்க்கும் இனம் அதன் வழியில் வந்ததுதான். பிறந்த நாட்டில் அந்த இனம் அருகிப்போய், 2008-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இன்லே ஏரிப் பக்கத்தில் மறுபடி வளர்க்கத் தொடங்கினார்கள்.

இந்த வாரமே கம்பி வலை வாங்கு, மணல் கொட்டு, குப்பைமேனியைப் பிடுங்கு. பண்டிகையன்று பக்கத்து வீட்டுக்குப் போ. ஒரு போகம் பொறுத்துப் பார், பாத்தி தப்பும். நஞ்சு வைக்கச் சொன்னவரிடமும் இதை எடுத்துச் சொல். அவர் வீட்டிலும் குழந்தைகள் இருப்பார்கள். உன் பிள்ளை நாளை நடை பழகப்போவது அந்தத் தோட்டத்து மண்ணில்தான். அதில் ஒரு பிடி நஞ்சும் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உன் பொறுப்பு.

அன்புடன்,
உன் மாமா